நெல்லைப் பயப்படுத்தாத கத்தி

இந்த இத்தாலியில், பலெர்மோவில் என்னோடு சேர்ந்து வளர்ந்தவர்களே, அந்தத் தாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடம், டிசம்பரில், நத்தார் விடுமுறைக்குச் சற்று முன்னால், முத்திரை குத்தி வீட்டுக்குக் கொடுத்து விடுவார்களே, பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்கூடத்துக்குப் போவது நல்லது என்று ஆசிரியர்கள் எழுதிய தாள்? உங்களில் சிலர் அதை எங்கேயோ தொலைத்திருப்பீர்கள். சிலர் அதில் எழுதியபடியே நடந்து, இன்று என்னைப் போல ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசை வைத்து, ஆள் குறைந்த நாட்களில் கட்டில் விரிப்பும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். போன ஞாயிறு கோயிலில் நம்மில் ஒருத்தி, "முப்பது வயசுகூட ஆகேல்லை, குனிஞ்சால் நிமிர ஏலாமல் கிடக்கு," என்றாள். "கிழவியாகிட்டம் போ," என்றேன். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்வதென்றால் ஜாவாத் தீவின் மேற்கே சுந்தா மக்களின் கிராமம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். நான் அங்கே ஒருநாளும் போனதில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேதான் குடியிருந்தேன்.

அப்போது நாங்கள் ஒரேத்தோப் பகுதியில், நான்காம் மாடியில் இருந்தோம். குளிர்காலத்தில் சுவர் வியர்க்கும். துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது. எங்கள் உடுப்பெல்லாம் ஈரமும் பொரித்த வெங்காயமும் மணக்கும். அப்பா வன்னியில் ஆறு ஏக்கர் நெல் விதைத்தவர். யுத்தத்தில் நிலத்தை விட்டு இங்கே வந்து, பணக்காரர் இருக்கிற பொலிதேயாமாப் பக்கத்துக் கட்டடங்களில் மாடிப்படி கழுவினார். அம்மா அதே பகுதியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோரா என்போம், பார்த்துக்கொண்டார். அப்பா கூப்பிட்டு அம்மாவோடு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஊர் எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது முகாம்தான்: தறப்பாள் கூடாரமும், தண்ணீர் பவுசர் வண்டிக்கு நின்ற வரிசையும். ஆகவே பள்ளிக்கூடத்தில் யாராவது உன் கிராமம் எப்படி இருக்கும் என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

எனக்கு லிச்சேயோவுக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. நிலவரைபடம் என்றால் எனக்கு உயிர். மண், ஆறு, மலை இதையெல்லாம் படித்துப் பெரிய ஆளாக வருவேன் என்று எனக்குள் ஒரு எண்ணம். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. தன்னோடு படி கழுவுகிறவர்களிடம், "எங்கட பிள்ளை லிச்சேயோ," என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். பிள்ளை பிறக்க முன்னமே பேர் வைக்கிற வேலை.

எங்கள் வகுப்புக்கு இத்தாலியன், சரித்திரம், பூமிசாஸ்திரம் மூன்றையும் ஒரே ஆசிரியைதான் படிப்பித்தார். ப்ரொஃப் என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படுவதாவது சுலபமாக இருந்திருக்கும். நவம்பரில் ஒருநாள் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "நீ நன்றாகத்தான் படிக்கிறாய். ஆனால் லிச்சேயோ என்றால் நின்று பேசத் தெரிய வேண்டும். நீ வாயே திறப்பதில்லை. உலகத்து விவசாயக் கிராமங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு ஆய்வு தரப் போகிறேன். அதை நன்றாகச் செய்து வகுப்பில் பேசிக் காட்டு. அதைப் பார்த்துத்தான் உன் தாளை எழுதுவேன்."

மறுநாள் ஒரு சப்பாத்துப் பெட்டியில் சீட்டுகளைப் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாரும் கண்ணை மூடி எடுத்தார்கள். என் பக்கத்து மேசைக்காரிக்கு நைஜர் ஆற்றோரத்து வெங்காயக் கிராமம் வந்தது. அவளுடைய தாய் பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவர். அவளுக்கும் அந்தத் தொண்டை. "வெங்காயமா, அழவா சொல்கிறீர்கள்?" என்று கத்தினாள். என் முறை வந்தபோது ப்ரொஃப் பெட்டியை மூடிவிட்டார். மேசையில் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இது உனக்கென்று வைத்தேன். உன் வீட்டுப் பக்கம்தானே!"

சுந்தா மக்களின் நெல் கிராமம், மேற்கு ஜாவா என்று எழுதியிருந்தது.

"ப்ரொஃப், இது இந்தோனேசியா. நாங்கள் ஸ்ரீலங்கா."

"அதனாலென்ன செல்லமே, அரிசி அரிசிதானே!"

வகுப்பு சிரித்தது. பலெர்மோவிலிருந்து மொஸ்கோவுக்கு எவ்வளவு தூரமோ, வன்னியிலிருந்து ஜாவாவுக்கு அதைவிடத் தூரம். உங்கள் பாட்டி மொஸ்கோவா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது மேசை துடைக்கும்போது கேட்கிறேன்.

இதை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பாவாவது எனக்காகக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஜாவாவோ? சாவகம்! அது எங்கட ஆக்கள்தானே பிள்ளை. யாழ்ப்பாணத்திலை சாவகச்சேரிக்கு என்னத்துக்கு அந்தப் பேர் வந்தது? அந்தக் காலத்திலை சாவகத்திலையிருந்து வந்தவங்கள் இருந்த இடம்."

ப்ரொஃப் ஒரு கரையிலிருந்தும் அப்பா மற்றக் கரையிலிருந்தும் மண் போட்டு, நடுவில் இருந்த கடல் முழுவதையும் தூர்த்துவிட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் அந்தக் கிராமத்துக்கு அரைப் பக்கமும் ஒரு படமும்தான். சிஞ்ஞோராவின் வீட்டில் செத்துப்போன கணவருடைய பெரிய பெரிய புத்தகத் தொகுதிகள் இருந்தன, நாடு நாடாகப் படங்களோடு, பச்சைத் தோல் அட்டை போட்டு. செவ்வாயும் வியாழனும் அம்மா வேலை முடிக்கும்வரை நான் அங்கே போய் இருப்பேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கையை சிஞ்ஞோராவிடம் நீட்டிக் காட்ட வேண்டும். பிறகு குசினி மேசையில் வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தக் கிராமத்தைப் பற்றி இருந்த ஆறு பக்கங்களையும் நான் எழுதியெடுத்தேன். படங்களை அம்மாவின் கீறல் விழுந்த போனில் பிடித்தேன். அந்தப் புத்தகத்துக்கு ஒரு மணம் உண்டு, பழைய பசையும் கொஞ்சம் கறுவாவும் கலந்தது மாதிரி. சிஞ்ஞோரா இறந்த பிறகு பிள்ளைகள் அதையெல்லாம் பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். என்னைக் கேட்டிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அந்தக் கிராமம் எரிமலைகளுக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. சாம்பல் விழுந்து விழுந்து கறுத்த மண். எதை ஊன்றினாலும் முளைக்கும். வயல்கள் மலையிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கின. மேல் வயலில் நிறைந்த தண்ணீர் வரம்பில் வெட்டிய வாய்க்காலால் கீழ் வயலுக்கு வரும், அங்கிருந்து அடுத்ததுக்கு. வீடுகள் கல்லின் மேல் ஊன்றிய கட்டைக் கால்களில் நின்றன. சுவர் மூங்கில் பின்னல். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு மீன் குட்டை. குசினியில் கழிவது எல்லாம் குட்டைக்குள் போகும், அதை மீன் தின்னும், மீனை வீட்டார் தின்பார்கள், குட்டையின் சேறு திரும்ப வயலுக்குப் போகும். ஒன்றும் வீணாவதில்லை. வீட்டைச் சுற்றி வாழை, பலா, இஞ்சி, மஞ்சள். அதற்கு அப்பால் மூங்கில் காடு. பச்சை இலைகளை அப்படியே கடித்து, மிளகாய்ச் சம்பலோடு சோறு சாப்பிடுவார்கள். அவர்களும் அதைச் சம்பல் என்றுதான் சொல்கிறார்கள் என்று படித்தபோது அம்மாவுக்குப் பெரிய சந்தோசம்.

நெல்லுக்குத் தனி வீடு இருந்தது, நாலு காலில், ஓலைக்கூரை போட்டு. கதிரைக் கட்டுக்கட்டாக அதற்குள் அடுக்கி வைப்பார்கள். மேலே மலையில் ஒல்லாந்தர் காலத்துத் தேயிலைத் தோட்டங்கள்; ஊர்ப் பெண்கள் சிலர் கொழுந்து பறிக்க ஏறுவார்கள். கீழே சந்தைப் பட்டணம். மரக்கறிக் கூடையோடு அங்கே இறங்கிப் போக ஒரே ஒரு தெரு. ஊர் நடுவில் பள்ளிவாசல். ஐந்து வேளை தொழுவார்கள். ஆனாலும் நெல்லுக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்ற பழைய நம்பிக்கையை அவர்கள் விடவில்லை. அறுவடைக்குப் போகிற பெண்கள் அரிவாள் எடுக்க மாட்டார்கள். விரல் நீளத்தில் ஒரு சின்னக் கத்தி. அதை உள்ளங்கைக்குள் மறைத்து, ஒவ்வொரு கதிராகப் பிடித்து அறுப்பார்கள். கத்தியைக் கண்டால் நெல்தாய் பயந்து போய்விடுவாளாம். கடைசிப் படம் அதுதான்: ஒரு பெண்ணின் கை, விரல்களுக்கு நடுவே கதிர், கத்தி இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் நான் அழகாக எழுதி, ஒரு பெரிய தாளில் வரைபடமும் கீறிக்கொண்டிருந்தேன். அப்பா படி கழுவி வந்து, கை காய முன்னமே போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்ப்பார். அதோடு தொடங்கும்.

"பிள்ளை, நீ கீறினது பிழை. எல்லா வரம்பிலையும் நேருக்கு நேர் தண்ணி வாய் வைச்சிருக்கிறாய். அப்பிடி வைச்சால் தண்ணி வயலிலை நிக்காது, ஓடிப் போயிடும். மாறி மாறி வைக்கோணும்."

"அப்பா, உங்களுக்கு மலை வயல் தெரியுமோ? வன்னியிலை மலை எங்கை கிடக்கு?"

"தண்ணிக்கு வன்னி, சாவகம் எண்டு தெரியாது. இஞ்சை, படத்தை வடிவாப் பார்."

பார்த்தேன். மாறி மாறித்தான் இருந்தது. அவர் சரியாகச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரிய தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து கீறினேன்.

அதோடு விட்டாரா? ஊரென்றால் ஒரு குளம் வேண்டும், குளக்கட்டில் ஒரு பிள்ளையார் வேண்டும், அதையும் கீறு என்றார். அங்கே மலையிலிருந்து வருடம் முழுக்கத் தண்ணீர் வருகிறது, குளம் தேவையில்லை என்றேன். குளம் இல்லாத ஊரும் ஒரு ஊரா என்றார். கோடையில் என்ன செய்வார்கள் என்றார். அங்கே நம்முடைய கோடை இல்லை என்றேன். இப்படியே மூன்று நாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது உங்கட ஊர் இல்லை அப்பா! உங்கட ஊர் இல்லை!"

"இஞ்சாருங்கோ, ரெண்டு பேரும் கத்தாதேயுங்கோ," என்றார் அம்மா. "கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியாலை இடிக்கப் போறாள்."

அப்பா போனை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலடியில் போய் நின்றார். அன்றைக்கு எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. அவருடைய ஆறு ஏக்கரைப் பற்றி அந்தச் சீட்டில் கேட்டிருந்தால் அவர் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கத்திப் படத்தை அவருக்கு நான் கடைசியில்தான் காட்டினேன். முதலில் நக்கலடித்தார்.

"ஒவ்வொரு கதிரா வெட்டினமோ? விசரே! ஒரு ஏக்கர் வெட்டி முடிக்க அடுத்த வருசம் தை பிறந்திடும்."

ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்று வாசித்துக் காட்டினேன். அவர் படத்தை இன்னொரு தரம் பெருப்பித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கேட்டனீரே? நாங்கள் களத்திலை நெல்லை நெல்லெண்டு சொல்லுறதில்லையெல்லே?" என்றார்.

"பொலி எண்டுதானே சொல்லுறது," என்றார் அம்மா.

"முடிஞ்சுது, இல்லை எண்ட சொல்லும் வாயிலை வரப்படாது. வந்தால் பொலி போயிடும். நாங்கள் வாயாலை பயப்பிடுத்தாமல் இருந்தம். உவை கையாலை பயப்பிடுத்தாமல் இருக்கினம்."

அன்றோடு அப்பா சுந்தாக்காரராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரேத்தோ ஆற்றங்கரைக்குப் போய், காடு மாதிரி வளர்ந்து கிடக்கிற நாணலில் ஒரு துண்டும், பூ விட்ட காய்ந்த நாணல் பிடியொன்றும் கொண்டுவந்தார். பல்லரோவில் தோடம்பழம் வருகிற மரப்பெட்டியில் ஒரு பலகைச் சில்லை உடைத்தெடுத்தார். தன் சவர பிளேட்டை நடுவால் முறித்து, பாதியை அந்தச் சில்லின் விளிம்பில் இறுக்கினார். குறுக்கே நாணல் துண்டைப் பிடியாக வைத்து நூலால் சுற்றினார். படத்தில் உள்ளது போலவே அளவு. பிளேட்டின் வாய் ஒரு நகக்கண் அளவுக்குத்தான் வெளியே தெரிந்தது. அந்த வீட்டில் அவர் அவ்வளவு அமைதியாக இருந்து எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு பிளேட் குடுத்து விடப் போறியளோ?" என்றார் அம்மா.

"பிளேட் இல்லையப்பா, கதிர்க்கத்தி. வாயாலை சொன்னால் அந்த டீச்சருக்கு விளங்குமோ? நேரை காட்டோணும். எங்கட பள்ளிக்கூடத்திலை தோட்டப் பாடத்துக்குக் கத்தி கொண்டு போகாட்டித்தான் அடி விழும்."

நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துவிட்டது. உள்ளங்கைக்குள் வைத்து விரலை மடக்கினால் ஒன்றும் தெரியவில்லை. நாணல் பூவைப் பிடித்து லேசாகத் திருப்பினால், சிக்கென்று சத்தம் கேட்டு அறுந்து வந்தது.

என் முறை டிசம்பர் பதின்மூன்றில், சாந்தா லூச்சியா என்ற புனிதையின் நாளில் வந்தது. அன்றைக்கு பலெர்மோவில் யாரும் கோதுமைப் பாணும் பாஸ்தாவும் தொட மாட்டார்கள், சோறு உருட்டிப் பொரித்த அரஞ்சினாதான். தெருவெல்லாம் எண்ணெய் மணம். "அரிசி நாளில் அரிசிக் கிராமம்!" என்று ப்ரொஃப் கை தட்டினார்.

நான் பேசினேன். நம்ப மாட்டீர்கள், நானே பேசினேன். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, எரிமலை, தேயிலை, தெரு, சந்தை என்று விரல் வைத்துச் சொன்னேன். தண்ணீர் வாயை ஏன் மாறி மாறி வைக்க வேண்டும் என்று சொன்னபோது ப்ரொஃப் தலையாட்டிக் கொப்பியில் ஏதோ எழுதினார். மீன் குட்டையைப் பற்றிச் சொன்னபோது பின் வரிசை சிரித்தது; எனக்கும் சிரிப்பு வந்தது; நான் நிறுத்தவில்லை. லிச்சேயோவின் வாசலில் ஒரு காலை வைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அற்புதம்," என்றார் ப்ரொஃப். "அறுவடை? இயந்திரம் இல்லாமல் எப்படி?"

"கையால், ப்ரொஃப். நெல்தாய் பயப்படாமல்."

அவர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தேன்.

அவர் பின்னால் பாய்ந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "வை! மேசையில் வை! யாரும் கிட்ட வர வேண்டாம்!" என்று கத்தினார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் கேட்கவில்லை. கத்தியை ஒரு கடித உறைக்குள் போட்டார். என்னைத் தலைமை ஆசிரியரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வகுப்புப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே, பள்ளிக்குக் கூரிய ஆயுதம் கொண்டுவந்தாள் என்று எழுதப்பட்டது. காய்ந்த நாணல் பூ மேசையில் அப்படியே கிடந்தது. அதை அறுத்துக் காட்டக்கூட விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து நேரே வந்தார். காற்சட்டையின் முழங்காலில் ஈரம், கையெல்லாம் படி கழுவுகிற ஜவெல் மணம். அவருக்கு இத்தாலியன் போதாது. ஆகவே என்னைப் பற்றிய குற்றச்சாட்டை நானே மொழிபெயர்க்க வேண்டும். உங்களுக்கும் இந்த உத்தியோகம் இருந்திருக்கும். பெற்றோரின் வாயாக இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

"இதை யார் செய்தது?" என்று கடித உறையைக் காட்டிக் கேட்டார் ப்ரொஃப்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"நான்தான் செய்தனான் எண்டு சொல்லு பிள்ளை. இது நெல்லைப் பயப்பிடுத்தாமல் வெட்டுற கத்தி. எங்கட களத்திலையும் இப்பிடித்தான், பொலியை நெல்லெண்டு சொல்ல மாட்டம். அதையும் டீச்சருக்கு வடிவா விளங்கப்படுத்து."

நான் ப்ரொஃபைப் பார்த்துச் சொன்னேன்: "அப்பா மன்னிப்புக் கேட்கிறார். இனி இப்படி நடக்காது என்கிறார்."

"அப்படியென்றால் நீதான் செய்தாயா?"

தலையாட்டினேன். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினேன். வெட்கம் என்றும் சொல்லலாம். ஜவெல் மணமும், ஈர முழங்காலும், அந்தச் சிரித்த முகமும் எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

ப்ரொஃப் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. "எவ்வளவு நுணுக்கமான வேலை!" என்றார். "உனக்கு நல்ல கைத்திறன் இருக்கிறது, தெரியுமா?" பிறகு அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அப்பா அந்த லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது தாள் வந்தது. கைவேலையில் சிறந்த ஆற்றல் தெரிகிறது, செய்முறைக் கல்வி பொருந்தும், ஆகவே அல்பெர்கியேரோ என்று எழுதியிருந்தது. ஹோட்டல் வேலை பழக்குகிற பள்ளிக்கூடம். அப்பாவின் கை செய்த கத்தி, என் தலையில் விழுந்த முத்திரை. அம்மா அதை சிஞ்ஞோராவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "ஓ, மிக நல்லது! இவ்வளவு மரியாதையான பிள்ளை, உடனே வேலை கிடைக்கும்," என்று சிஞ்ஞோரா சொன்னதும், அம்மாவுக்கு அது கோயில் வாக்காகிவிட்டது.

அப்பா மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்தார்.

"லிச்சேயோ எண்டு ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"இல்லை அப்பா." பிறகு, முணுமுணுப்பாக, "இது அறிவுரை மட்டும்தான் எண்டு மேலை போட்டிருக்கு," என்றேன்.

"குவெஸ்தூராவிலையிருந்து வாற கடிதத்திலையும் தயவுசெய்து வரவும் எண்டுதான் போட்டிருப்பாங்கள். அதுக்காகப் போகாமல் விடுறதோ? முத்திரை குத்தியிருக்கு, பிள்ளை."

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்தப் பொலிஸ் கந்தோர் வரிசையில் விடியற்காலையில் நின்றவரிடம், இந்த நாட்டில் முத்திரை குத்திய தாளை மறுக்கலாம் என்று யார் சொல்வது? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளின் அடிப்பக்கத்தைத் தடவினார்.

"கீழை சின்ன எழுத்திலை என்ன எழுதிக் கிடக்கு?"

"கையெழுத்துப் போடட்டாம்."

போட்டார். பெர்மெஸ்ஸோவில் உள்ள கையெழுத்தே இதிலும் இருக்க வேண்டும் என்று மெதுவாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். அதன் பிறகு படி கழுவுகிற ஆட்களிடம் என் படிப்பைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார்.

ஐந்து வருடம் அல்பெர்கியேரோ. மூன்று கோப்பையை ஒரு கையில் பிடிக்கவும், நாப்கினை அன்னமாக மடிக்கவும் படித்தேன். கெட்ட தொழில் என்று சொல்லவில்லை. நான் கேட்ட தொழில் இல்லை, அவ்வளவுதான். படிப்பு முடிந்து சில வருடங்களில் அந்த மீன்காரியின் மகளை பஸ் தரிப்பில் கண்டேன். மருந்துக்கடையில் வேலை, பல்கலைக்கழகம் முடித்தாளாம். அவளுடைய தாளிலும் அல்பெர்கியேரோ என்றுதான் எழுதியிருந்ததை அன்றுதான் சொன்னாள்.

"அப்ப நீ எப்படி லிச்சேயோ போனாய்?"

"அது அறிவுரைதானே? மம்மா அதில் மத்தி மீன் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, என்னை லிச்சேயோவில் பதிந்தாள்."

அந்த பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். அதன் பிறகு எனக்குத் திட்டுவதற்கு ஒரு பெரிய பட்டியலே இருந்தது: அரிசி அரிசிதான் என்ற ப்ரொஃப், கோயில் வாக்குச் சொன்ன சிஞ்ஞோரா, நம்பின அம்மா, பிளேட் செய்த அப்பா, முத்திரைக்குப் பயந்த அப்பா. உங்களிடமும் எத்தனை தரம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். என் அப்பாவின் கத்திதான் என்னை வெட்டியது என்று பகிடியாகச் சொல்லுவேன், நீங்களும் சிரிப்பீர்கள்.

போன மாதம் அப்பாவின் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் பழைய பத்திரம் ஒன்று தேவைப்பட்டது. அவருடைய பிளாஸ்டிக் பையைக் கட்டிலில் கொட்டினேன். இந்த நாட்டில் தனக்குக் கிடைத்த ஒரு தாளையும் அவர் எறிந்ததில்லை. வாடகைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தாள் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து. அதற்கு மேலே, சின்ன எழுத்தில்: இதைப் பார்த்தேன் என்பதற்கு மட்டுமே இந்தக் கையெழுத்து, முடிவு குடும்பத்தினுடையது, வேறு பள்ளியை விரும்பும் பெற்றோர் ஆசிரியரைச் சந்தித்துப் பேசலாம்.

எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். பதின்மூன்று வயதில், அந்தக் குசினியில், அந்த வரிகளை நான் வாசித்தேன். நன்றாக விளங்கியும் இருந்தது. சொன்னால் அப்பா மறுபடி பள்ளிக்கூடம் வருவார். ஈரக் காற்சட்டையோடு வருவார், கத்தியைப் பற்றிக் கதைப்பார், நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அதற்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பதினைந்து வருடமாக மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா கட்டிலின் மற்றப் பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். படி கழுவிக் கழுவித் தேய்ந்த முழங்கால்.

"உது என்ன தாள் பிள்ளை? என்ன எழுதிக் கிடக்கு?"

இந்தத் தடவை வாசித்தேன். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அன்றைக்கே எனக்கு இது தெரியும் என்பதையும் சொன்னேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவர் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிறார் என்று மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்பட்டு ஏதாவது சொன்னால் நல்லது என்று இருந்தது.

அப்பா தாளை வாங்கி, அதன் மடிப்பிலேயே மடித்து, திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பனே பிள்ளை," என்றார். "அரை நாள் லீவுதானே, கேட்டால் தந்திருப்பாங்கள். டீச்சரிட்டை அந்தக் கத்தியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்."